வாடிவாசலுக்கு முந்திய கணிப்பியல்: புதுக்கோட்டை மாவட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுலகம் இதுவரை கண்டுகொள்ளாத அறிவுத்துறை ஒன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆண்டுதோறும் ஆடியில் தளிர்த்து மார்கழியில் முற்றுகிறது. வருகிற தையில் எந்த மாடு என்ன செய்யும் என்று முன்கூட்டியே முடிவு கட்டுவதுதான் அத்துறை. பட்டம் கிடையாது, ஆனால் பேராசிரியர்கள் ஏராளம். பல்கலைக்கழகம் எதிலும் இதற்கு இருக்கை இல்லை. டீக்கடையில் பெஞ்ச் இருக்கிறது.

இத்துறை இங்கே செழிக்கப் புறக்காரணங்கள் உண்டு. தமிழ்நாட்டிலேயே வாடிவாசல்கள் மிகுந்த மாவட்டம் என்று பெயர் வாங்கியது புதுக்கோட்டை. ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் கந்தர்வகோட்டை வட்டத்துத் தச்சன்குறிச்சியில்தான் தொடங்கும். பிறகு மாசி, பங்குனி, சித்திரை என்று கோயில் திருவிழாக்களை ஒட்டித் திருவப்பூர், திருநல்லூர், ராப்பூசல், விராலிமலை, வடமலாப்பூர் என ஊர் ஊராக நகர்ந்து மே மாதத்தில் ஓயும். இந்த மாவட்டம் உருவாக்கப்பட்ட தேதியே 1974 ஜனவரி 14. பொங்கல் வேளையில் பிறந்த மாவட்டத்துக்கு மாட்டுப் பேச்சு பிறவிக் குணம் என்று வாதிடும் அறிஞர்களும் இருக்கிறார்கள். அவர்களை மறுக்கும் சான்று இதுவரை கிடைக்கவில்லை.

ஆய்வின் எல்லையை இங்கே வரையறுத்துக்கொள்வது நல்லது. திருமயம், அறந்தாங்கிப் பக்கத்து வடமாடு மஞ்சுவிரட்டு இக்கட்டுரையில் சேர்க்கப்படவில்லை. அதில் மாட்டை நீண்ட வடத்தில் கட்டி நடுவில் விடுவார்கள். ஒன்பது பேர் கொண்ட அணி குறித்த நேரத்துக்குள் அதை அடக்க வேண்டும். வடம் ஒன்று, மாடு ஒன்று, கடிகாரம் ஒன்று. தோற்றால் தோல்விதான். சாக்குச் சொல்ல இடமில்லாத ஆட்டத்தில் கணிப்பியல் வளராது.

வாடிவாசல் ஜல்லிக்கட்டு அப்படியல்ல. விதிப்படி மாடுபிடி வீரர் திமிலை மட்டும்தான் பற்றலாம். வாலையோ கொம்பையோ பிடிக்கக் கூடாது. மாடு மூன்று முறை துள்ளும்வரையோ, சுமார் 15 மீட்டர் தூரத்துக்கோ, 30 விநாடிக்கோ தொங்கிக்கொண்டிருந்தால் பிடிமாடு. இல்லையென்றால் மாடு வென்றது. ஆக, ஒரு காளையின் பொதுத்தேர்வு அரை நிமிடத்தில் முடிகிறது. அந்த அரை நிமிடத்தைப் பற்றிய முன்னாய்வு ஆறு மாதம் நடக்கிறது. உலகத்தில் வேறெந்தத் துறையிலும் தரவுக்கும் விளக்கத்துக்கும் இடையே இத்தனை தாராளமான விகிதம் கிடைக்காது என்று இக்கட்டுரை முதலில் கருதியது. அமெரிக்காவைப் பார்த்தபின் அந்தக் கருத்தைச் சற்றுத் தளர்த்த வேண்டியதாயிற்று.

அங்கே கல்லூரிக் கால்பந்து அணிகளுக்கு வசந்த காலத்தில் 15 பயிற்சிகள் அனுமதிக்கப்படுகின்றன. ஏப்ரல் வாக்கில் பல அணிகள் தம்மையே இரண்டாகப் பிரித்து ஒரு காட்சி ஆட்டம் ஆடி முடிக்கும். உண்மையான முதல் ஆட்டம் ஆகஸ்ட் கடைசியில்தான். இடைப்பட்ட நான்கு மாதமும் ரசிகர்களுக்குப் பேச்சுதான் வேலை. 2025இல் டெக்சாஸ் பல்கலைக்கழக அணி, பருவம் தொடங்குமுன் வெளியான அசோசியேட்டட் பிரஸ் தரவரிசையில் தன் வரலாற்றிலேயே முதல்முறையாக முதலிடம் பிடித்தது. ஆகஸ்ட் 30 அன்று முதல் ஆட்டத்திலேயே ஒஹாயோ ஸ்டேட்டிடம் 14க்கு 7 என்று தோற்றது. கீரனூர் டீக்கடையில் இதைச் சொன்னால் யாரும் வியக்க மாட்டார்கள். "முத வாடியிலயே பிடிமாடா போச்சா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பார்கள்.

இனி, கணிப்பாளர்கள் நம்பும் சான்றுகளுக்கு வருவோம். அவை பெரும்பாலும் மூன்று வகை: தண்ணீர், மண், தீனி.

தண்ணீர் என்பது நீச்சல். கண்மாயிலோ குளத்திலோ மாட்டை இறக்கிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீந்த விடுவார்கள். மூச்சு நிற்கும், கால் இறுகும் என்பது நியாயமான உடலியல். ஆனால் கரையில் நிற்கும் கணிப்பாளர் பார்ப்பது மூச்சை அல்ல. மாடு கரையேறியதும் தலையை எப்படி உதறுகிறது என்பதையே அவர் குறித்துக்கொள்கிறார். இடப்பக்கம் உதறினால் வாடியிலிருந்து இடப்பக்கம் வெட்டும் என்று ஒரு தரப்பு சொல்லும். வலப்பக்கம் வெட்டும் என்று இன்னொரு தரப்பு சொல்லும். காதில் தண்ணீர் போயிருக்கும் என்று யாராவது சொன்னால் அவருக்குத் துறையறிவு போதாது என்று பொருள்.

மண் என்பது மண் குத்துவது. ஈர மண்ணைக் குவித்து வைத்துக் கொம்பால் குத்திக் கிளற விடுவது கழுத்துக்கும் கொம்புக்கும் பயிற்சி. இந்தக் காட்சி இப்போது கைப்பேசிக் காணொளிகளாகவும் சுற்றுகிறது. பின்னணியில் பறையோசையும் மெதுவோட்டமும் சேர்த்துவிட்டால் எந்தக் கன்றும் காங்கேயக் காளையாகத் தெரியும். ஆய்வு நேர்மையை முன்னிட்டுச் சொல்ல வேண்டும்: மண் குவியல் இதுவரை எந்த மாட்டின் திமிலையும் எட்டிப் பிடித்ததில்லை. குவியலிடம் தோற்ற மாடும் கிடையாது. வசந்தகாலக் காட்சி ஆட்டத்தில் தன் அணியையே வென்ற அணிக்கும், மண்ணை வென்ற மாட்டுக்கும் கிடைக்கும் புகழ் ஒரே தரத்தது.

தீனிதான் மிக நுட்பமான பிரிவு. பருத்திக்கொட்டை, உளுந்து, கொண்டைக்கடலை, தேங்காய்ப் புண்ணாக்கு, பேரீச்சம்பழம் என்று வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்காதது எல்லாம் மாட்டுக்குக் கிடைக்கும். எதை எவ்வளவு என்பதை வளர்ப்பவர் வெளியில் சொல்ல மாட்டார். ஆகவே கணிப்பாளர் மளிகைக்கடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுகிறார். இன்னார் போன வாரம் பேரீச்சம்பழம் வாங்கிப் போனார் என்ற செய்தி ஓர் ஊரையே ஒரு மாலைப் பொழுது பேச வைத்துவிடும். வீட்டில் நோன்பு, மகள் பிரசவம் போன்ற மாற்று விளக்கங்கள் பரிசீலிக்கப்படுவதில்லை.

தோப்புக்குள் இரண்டு கம்பு நட்டு வாடிவாசல் போல் அமைத்து, உறவுக்காரப் பையன்களை நிறுத்திப் பழக்குவதும் உண்டு. அதில் மாடு எப்போதும் ஜெயிக்கும். பையன்கள் அந்த வீட்டில் சாப்பிடுகிறவர்கள்.

கோட்பாட்டளவில் இரண்டு பெரும் பள்ளிகள் உள்ளன. ஒன்று, நின்று விளையாடும் மாட்டைப் போற்றுவது. வாடியைத் தாண்டியதும் ஓடாமல் திரும்பி நின்று, சுற்றி, ஆளை வரச்சொல்லி, நெருங்க விடாமல் களத்தைக் காலி செய்யும் மாடு இப்பள்ளியின் லட்சியம். மற்றது, வந்த வேகத்தில் ஒரே பாய்ச்சலில் போய்விடும் மாட்டைப் போற்றுவது. முன்னவர்கள் பின்னவர்களைப் பார்த்து, "ஓடுறதுக்கு மாடு எதுக்கு, பஸ் பிடிச்சுப் போகலாமே" என்பார்கள். பின்னவர்கள், "பிடிபடலேல்ல?" என்ற ஒற்றைச் சொல்லில் விவாதத்தை முடித்துவிடுவார்கள். இக்கட்டுரையின் சாய்வு முதற்பள்ளிப் பக்கமே. அரை நிமிடத்துக்காக ஆறு மாதம் பேசியவர்களுக்கு அந்த அரை நிமிடமாவது முழுசாகக் கிடைக்க வேண்டாமா?

நிறக் கொள்கை தனி. காரி, மயிலை, செவலை, மறை என்று நிறத்தைக் கொண்டே குணம் சொல்பவர்கள் பழமையான மரபின் வாரிசுகள். கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறு தழுவும் களத்தைப் பார்த்துக்கொண்டே தலைவிக்குத் தோழி ஒவ்வொரு காளையாகச் சுட்டி விவரிக்கிறாள். காளைகளின் நிறங்களுக்குத் தெய்வங்களின் நிறங்கள் உவமையாகின்றன. நமக்குத் தெரிந்த ஆகப் பழைய வர்ணனையாளர் ஒரு பெண் என்பதை இன்றைய பெஞ்சுப் பேராசிரியர்கள் வசதியாக மறந்துவிட்டார்கள். பிற்காலத்துக்கு வந்தால், சி.சு.செல்லப்பாவின் 'வாடிவாசல்' குறுநாவலில் வாடிக்கு அருகில் நின்று ஒவ்வொரு மாட்டின் வரலாற்றையும் எடுத்துவிடும் கிழவர் ஒருவர் வருகிறார். அப்படியொரு கிழவர் இல்லாத ஊரை இம்மாவட்டத்தில் தேடிப் பிடிப்பது கடினம்.

இவ்விடத்தில் முறையியல் சிக்கல் ஒன்றைப் பேசியாக வேண்டும். ஒரு கணிப்பு பொய்த்தால் கோட்பாடு கைவிடப்பட வேண்டும் என்பது அறிவியல் நெறி. இங்கே கோட்பாடு கைவிடப்பட்டதாகத் தகவல் இல்லை. மாடு பிடிபட்டதா? ரெண்டு பேர் சேர்ந்து பிடித்தார்கள், அது செல்லாது. ஒருவர்தான் பிடித்தாரா? வாலைத் தொட்டுவிட்டுத்தான் திமிலுக்குப் போனார். அதுவும் இல்லையா? விடிகாலையிலேயே வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து மதியம்வரை வரிசையில் நிறுத்தினால் மாடு என்ன செய்யும்? டோக்கன் எண் பின்னால் போய்விட்டது, முன்னால் வந்துவிட்டது, மூக்கணாங்கயிற்றை அவிழ்த்தவன் கை ராசியில்லை.

இந்தத் துறையின் உரையாடல் ஏறக்குறைய மாறாதது.

"இந்த வருசம் நம்ம செவலை வேற மாதிரி இருக்கு மாமா."

"போன வருசமும் இதத்தான் சொன்ன மாப்ள."

"போன வருசம் அதுக்கு வயசு பத்தல."

"அதுக்கு முந்தின வருசம்?"

"அப்ப அது வேற மாடு."

அதிகாரபூர்வமான மதிப்பீடு ஒன்றும் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. களத்துக்கு வரும் மாட்டைக் கால்நடை மருத்துவர் பார்த்துத் தகுதிச் சான்று தர வேண்டும். நாட்டினக் காளைகளுக்கு மட்டுமே இடம் என்று 2021 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. மருத்துவர் பார்ப்பது இனம், வயது, உடல்நலம். அந்தச் சான்றிதழைக் கணிப்பாளர்கள் மதிக்கிறார்கள், ஆனால் பயன்படுத்துவதில்லை. அதில் மாட்டின் பார்வையைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

துறையின் பொற்காலம் எது என்று கேட்டால் விடை வினோதமாக இருக்கும். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2015 பொங்கலுக்கும் 2016 பொங்கலுக்கும் முறைப்படி வாடி திறக்கவில்லை. 2016 ஜனவரி 7 அன்று மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டு வழிவிட, ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. நடுவிலிருந்த ஐந்தே நாளில் ஒரு பருவத்துக்கான கணிப்பு முழுவதும் பேசி முடிக்கப்பட்டது. தடை இருந்த காலத்தில் ஒரு கணிப்பும் பொய்க்கவில்லை. கட்டுத்தறியில் நின்ற மாடுகள் அனைத்தும் பிடிபடாத மாடுகளே. ஆனாலும் எந்தக் கணிப்பாளரும் அந்த நிலை நீடிக்க வேண்டும் என்று விரும்பவில்லை. 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் உட்கார்ந்ததைப் போலவே மாவட்டத் தலைநகரிலும் உட்கார்ந்தார்கள். அவசரச் சட்டம் வந்தது. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு தமிழ்நாட்டின் சட்டம் செல்லும் என்றது. வழக்கு முடிந்ததும் பேச்சு பழையபடி பேரீச்சம்பழத்துக்குத் திரும்பியது.

கணிப்பாளர்கள் குரலைத் தாழ்த்தும் பக்கங்களும் உண்டு. அவசரச் சட்டம் வந்த கையோடு 2017 ஜனவரி 22 அன்று ராப்பூசலில் நடந்த ஜல்லிக்கட்டில் இரண்டு பேர் உயிரிழந்தனர். மாடுகளின் கதையும் எப்போதும் பரிசில் முடிவதில்லை. முன்னாள் அமைச்சர் சி.விஜயபாஸ்கரின் 'கொம்பன்' இம்மாவட்டத்தில் கட்டவுட் வைக்கும் அளவுக்குப் பெயர் பெற்ற காளை. பிடிக்க ஆளில்லை என்பதில் இரு பள்ளிகளும் ஒத்துப்போன அபூர்வம் அது. 2018 பிப்ரவரியில் தென்னலூர் வாடிவாசலில், வெளியே வரும்போது கட்டையில் மோதிச் செத்தது. யார் பிடிப்பார்கள் என்று எல்லாரும் கணக்குப் போட்டிருந்தார்கள்; மரத்தை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. அவரது இன்னொரு காளை 'கருப்புக் கொம்பன்' 2023 மே மாதம் வடமலாப்பூரில் அதேபோல் அடிபட்டுச் சில நாளில் இறந்தது.

எண்ணிக்கை பெருகினால் கணிப்பு தேறும் என்ற நம்பிக்கையையும் சோதித்துப் பார்த்தாயிற்று. 2019 ஜனவரி 20 அன்று விராலிமலையில் உலக சாதனை முயற்சியாக ஒரே நாளில் 1,300க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்க்கப்பட்டன. புள்ளியியல் வல்லுநருக்குக் கனவு போன்ற மாதிரி அளவு. அன்றும் இரண்டு உயிர்கள் போயின. கணிப்பாளர்களோ வழக்கம்போல் தத்தம் ஊர் மாடு வந்த அரை நிமிடத்தை மட்டும் பார்த்தார்கள். மீதிக் காளைகள் வந்தபோது வாடிக்குப் பின்புறம் நின்று அந்த அரை நிமிடத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

முடிவாக, இவ்வாய்வும் தன் பங்குக்கு ஒரு கணிப்பை முன்வைக்கிறது. தச்சன்குறிச்சி ஜல்லிக்கட்டு 2023இல் ஜனவரி 8 அன்றும், 2024இல் ஜனவரி 6 அன்றும், 2025இல் ஜனவரி 4 அன்றும் நடந்தது. ஆண்டுக்கு இரண்டு நாள் முந்துகிறது. இதே கணக்கில் போனால் 2027ஆம் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு 2026 டிசம்பர் 31 அன்றே முடிந்துவிட வேண்டும். பெஞ்சில் இதைச் சொன்னபோது மறுப்பு ஏதும் எழவில்லை. இருந்தாலும் வாசகர்கள் இந்தத் தேதியை நம்பிக் கந்தர்வகோட்டைக்குப் பஸ் ஏற வேண்டாம். 2023இல் ஜனவரி 6 என்று சொல்லப்பட்டதே தள்ளிப்போய்த்தான் 8ஆம் தேதி நடந்தது. அரசாணையும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியும் வந்தபிறகு கிளம்புங்கள்.