பால் புட்டியும் மெத்தென்ற துணியும்

கேள்வி: மகனுக்கு நல்ல பள்ளிக்கூடம், கேட்ட சைக்கிள் எல்லாம் கொடுத்தாயிற்று. "உங்களுக்கு என் மேல பாசமே இல்லப்பா" என்கிறான். இன்னும் என்னதான் செய்வது?

பதில்: உங்கள் மகன் கட்சியில் சில குரங்குக் குட்டிகளும் இருக்கின்றன. அமெரிக்காவில், விஸ்கான்சின் பல்கலைக்கழக உளவியலாளர் ஹாரி ஹார்லோ, தாயிடமிருந்து பிரித்த ரீசஸ் இனக் குரங்குக் குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்களைச் செய்து வைத்தார். ஒன்று வெறும் கம்பி. பால் புட்டி அதில்தான். இன்னொன்றில் பால் இல்லை, மெத்தென்ற துணி மட்டும். குட்டிகள் கம்பியிடம் போய்ப் பாலைக் குடித்துவிட்டு, மீதி நேரமெல்லாம் துணியைக் கட்டிக்கொண்டு கிடந்தன. பயந்தபோது ஓடியதும் அங்கேதான். பால் கொடுப்பதால்தான் தாய் மேல் பற்று வருகிறது என்று நம்பியிருந்தவர்களை 1958-இல் அவர் அசைத்துவிட்டார். (அந்தக் குட்டிகளுக்கு நடந்தது கொடுமை. அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.)

நீங்கள் கட்டும் ஃபீஸ் பால் புட்டி. அதில் உங்கள் வியர்வை இருக்கிறது. குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் 95 மார்க் வாங்கிய அன்று மட்டும்தான் தோளைத் தட்டுகிறீர்களா? அப்படியென்றால் தன் மதிப்பே அந்த மார்க்தான் என்று பிள்ளை கணக்குப் போட்டுவிடுவான். நிபந்தனையோடு வரும் அன்பு என்று உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் கவலைப்பட்டது இதைத்தான். அவன் 40 வாங்கி வந்து நிற்கும் நாளில் பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிட்டியாப்பா?" என்று கேளுங்கள். மார்க் ஷீட்டில் கையெழுத்தை அப்புறம் போடலாம்.