பாத்துக்கப்பா

நேற்று ராத்திரி சித்தப்பா வாட்ஸ்அப்பில் ஒரு பத்து இலக்க பிஎன்ஆர் எண்ணை அனுப்பினார். கீழே ‘பாத்துக்கப்பா’ என்று ஒரே வார்த்தை. ரயில்வேயில் சொந்தக்காரன் இருக்கிற எந்தக் குடும்பத்துக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

கூட்ஸ் கார்டு வேலையில் சேர்வது எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வருகிறேன். முதலில் சித்தப்பா.

என் வண்டியில் போவது நிலக்கரி. அதற்கு பெர்த் கிடையாது, சார்ட் கிடையாது. ஐம்பத்தெட்டு வேகனுக்குப் பின்னால், பிரேக் வேனில், நான் ஒருத்தன். லோகோ பைலட் அரைக் கிலோமீட்டருக்கும் அப்பால்; அவரிடம் பேசவே வாக்கி டாக்கி வேண்டும். என்னிடம் இருப்பது சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, விசில், கைவிளக்கு, ஆபத்துக்குத் தண்டவாளத்தில் வைக்கிற பட்டாசு. இதில் எதை ஆட்டினால் வெயிட்டிங் லிஸ்ட் 47 ஆர்ஏசி ஆகும் என்று சித்தப்பாதான் சொல்ல வேண்டும்.

அவராவது பரவாயில்லை. அத்தைக்கு லோயர் பெர்த். மாமாவுக்கு, எக்ஸ்பிரஸை நம்ம ஊரில் ரெண்டு நிமிஷம் நிறுத்தச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு ‘உங்க கோட்டா’. 2022 ஜனவரியில் எங்கள் பதவிக்கு ‘கூட்ஸ் ட்ரெயின் மேனேஜர்’ என்று பெயர் மாற்றியதிலிருந்து தொல்லை இரட்டிப்பு. மேனேஜரால் முடியாதா என்கிறார்கள்.

மாமா, நிறுத்துவதென்றால் என் வண்டியைக் கேளுங்கள். அதற்கு நிற்க மட்டும் நன்றாகத் தெரியும். லூப் லைனில் போட்டுவிடுவார்கள். எக்ஸ்பிரஸ் போகும். அதன் பின்னால் இன்னொன்று. ‘அடுத்து நாமதான்’ என்று லோகோ பைலட் நம்பிக்கையாகச் சொல்லி முடிப்பதற்குள் பாசஞ்சர் ரயிலும் போய்விடும். கொண்டுவந்த தயிர்சாதம் புளித்துவிடும். போகிற ஒவ்வொரு வண்டியிலும் சக்கரம் புகைகிறதா, ஏதாவது தொங்குகிறதா என்று பார்த்து, ‘ஆல் ரைட்’ காட்டுவது என் வேலை. அதில் ஒன்றில்தான் சித்தப்பா ஜன்னலோரமாகச் சாய்ந்து முறுக்கு தின்றுகொண்டு போவார். டிக்கெட் தானாகவே கன்ஃபர்ம் ஆகியிருக்கும். ‘நம்ம பையன் ஒரு போன் பண்ணான்’ என்று எதிர் சீட்டில் சொல்லிக்கொண்டும் இருப்பார். எதிர் சீட்டுக்காரர் என் நம்பர் வாங்கியிருப்பார்.

சரி, வேலைக்கு வருவோம். ஏதாவது ஒரு டிகிரி போதும். ஆர்ஆர்பி பரீட்சை, கம்ப்யூட்டரில், இரண்டு கட்டம். அடிப்படைச் சம்பளம் 29,200 ரூபாயில் தொடங்குகிறது. கண்ணாடி போடாமல் பார்வை சரியாக இருக்க வேண்டும், நிறம் பிரித்தறியத் தெரிய வேண்டும். பயிற்சியில் சிக்னல், பிரேக், விதிகள் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். சித்தப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்பதற்கு ஒரு வகுப்பும் கிடையாது.

அடுத்த முறை யாராவது கேட்டால் பிரேக் வேனிலேயே இடம் தருகிறேன் என்று சொல்லலாமா என்று யோசிக்கிறேன். பழைய நாலு சக்கர வேனாக அமைந்தால் பெஞ்சில் உட்கார்ந்து நேரம் குறிக்கும்போது குலுக்கலில் எட்டு மூன்றாகிவிடும். ஃபேன் என்று மேலே பார்த்தால் தகரம். ஆனால் வெளியாளை ஏற்றக் கூடாது என்று விதி. ஏற்றலாம் என்றால் அத்தை அங்கேயும் லோயர் பெர்த் கேட்பாள்.