ஓடம் ஏறிய தோள்

‘ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும்’ என்பார்கள். கனடாவின் அல்கோன்குவின் பூங்காவில் அது நேரே நம் தோளில் ஏறிவிடும். 1893இல் உருவான இந்தப் பூங்காவில் துடுப்புப் படகு வழிகள் 2,000 கிலோமீட்டர் இருக்கும். ஓர் ஏரி முடிந்து அடுத்தது தொடங்கும்வரை படகைக் கவிழ்த்துத் தலைக்குமேல் சுமந்து நடக்க வேண்டியதுதான்.

மீன்பிடிக்க நமக்கு உரிமம் வேண்டும். நம்மைப் பிடுங்கும் கருப்பு ஈக்களுக்கு வேண்டாம். மே, ஜூனில் அவற்றுக்கு நாம்தான் விருந்து. இரவில் கரடிக்குப் பயந்து சோற்று மூட்டையை மரத்தில் தொங்கவிட்டு, அண்ணாந்து பார்த்தபடி படுப்போம்.

ஏரி என்னவோ அமைதிதான். மீன்களும் அப்படியே: தூண்டிலைத் தொந்தரவே செய்வதில்லை.