ஓரம் போ ஆயா, ஊர் ஓடுது!

சென்னையில் ஒரு சாலையை மறிக்க இரண்டு வழிகள் உண்டு. உட்கார்ந்து மறித்தால் வழக்கு. ஓடி மறித்தால் பதக்கம்.

இரண்டாவது வழியைக் கற்றுக்கொள்ள ஜனவரி மாதம் உகந்தது. பெரும்பாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மார்கழிப் பனியில், கோழி கூவும் முன்னே நேப்பியர் பாலத்தருகே கூட்டம் சேர்ந்துவிடும். இருபதாயிரம் பேருக்கு மேல். 2012-இல் விப்ரோ பெயரைச் சுமந்து தொடங்கிய சென்னை மாரத்தான், நடுவில் ஸ்கெச்சர்ஸ் பெயரை மாட்டிக்கொண்டு, பிறகு ஃப்ரெஷ்வொர்க்ஸ் பெயரில் ஓடியது. ஊரில் எந்த வியாபாரம் செழிக்கிறது என்று அறிய பட்ஜெட் புத்தகத்தைப் புரட்ட வேண்டாம், மாரத்தானின் முன்பெயரைப் பார்த்தால் போதும். கணினி வந்துவிட்டது, காலணி வந்துவிட்டது, மென்பொருள் வந்துவிட்டது. மீன் பெயரில் மட்டும் இன்னும் யாரும் ஓடவில்லை.

ஓட்டத்துக்கு ஓரிரு நாள் முன்பு போக்குவரத்துக் காவல்துறையின் அறிவிப்பு வரும். இன்ன சாலை மூடல், இன்ன இடத்தில் திருப்பிவிடல், வாகன ஓட்டிகள் ஒத்துழைக்க வேண்டும். பேருந்து சுற்றிக்கொண்டு போகும். ஆட்டோ வராது. யாரும் வழக்குப் போடமாட்டார்கள். பணம் கட்டி, நெஞ்சில் எண் குத்தி, காலில் சிப் கட்டி ஓடுபவர் போக்குவரத்துக்கு இடையூறு ஆகமாட்டார். போக்குவரத்துதான் அவருக்கு இடையூறு.

ஓடுவது பாவம் என்று சொல்ல வரவில்லை. வீட்டுக்கொரு சர்க்கரை நோயாளி இருக்கும் ஊர் இது. என் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் தினமும் நாலு தெரு ஓடினால் நானே கற்பூரம் ஏற்றுவேன். நூறு மாரத்தானுக்கு மேல் ஓடி முடித்த ஒருவரே நம் சுகாதார அமைச்சராக இருந்தார். 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று பெசன்ட் நகரில் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதையைத் திறந்தும் வைத்தார்கள். அந்தப் பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில் தலையில் கூடையோடு ஐம்பது வருடமாக நடந்துகொண்டிருக்கும் பெண்கள் இன்னும் ஏன் நலம் பெறவில்லை என்பதை மட்டும் பலகையில் எழுத இடம் போதவில்லை போலிருக்கிறது.

அவர்கள் ஊரூர் ஒல்காட் குப்பத்துப் பெண்கள். குப்பத்துக்குக் கிழக்கே கடல், வடக்கே அடையாற்று முகத்துவாரம், மேற்கே பிரம்மஞான சபையின் மதில். வெளியே வர, ஓட்டக்காரர்களும் வந்து சேரும் பெசன்ட் நகர்த் தெருக்களை விட்டால் வேறு வழி இல்லை. ஞாயிறு என்பது நகரம் மீன் தின்னும் நாள். வாரம் முழுக்கக் காரப்பொடியும் கவலையும் விற்றுக் கிடைக்காத காசு, ஞாயிறு காலை வஞ்சிரத்திலும் சங்கராவிலும் கிடைக்க வேண்டும். அந்தக் காலையைப் பார்த்துத்தான் நகரத்துக்கு ஓட்டம் பிடிக்கிறது.

தடுப்புக் கம்பி அருகே இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

“எங்க போற ஆயா? ரோடு க்ளோஸ்.”

“மார்க்கெட்டுக்கு சார்.”

“சுத்திக்கிட்டுப் போ. இல்லாட்டி ஓரமா நில்லு.”

“எம்மா நேரம் சார்? ஐஸ் கரையுது.”

“எல்லாரும் ஓடி முடிக்கிற வரைக்கும்.”

“நாங்களும் ஓடினோம் சார், எம்பத்தஞ்சுல. அன்னிக்கு எவனும் எங்களுக்கு ரோட்ட மூடித் தரல.”

காவலர் இளவயதுக்காரர். எண்பத்தைந்தில் என்ன நடந்தது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார்கள். எம்.ஜி.ஆர். ஆட்சி. மெரினாவை அழகுபடுத்த வேண்டும் என்று அரசுக்கு ஆசை வந்தது. மணலில் கிடக்கும் கட்டுமரமும் காயும் வலையும் அழகுக்குப் பொருந்தவில்லை, எடுத்துவிடு என்றார்கள். மீனவர்கள் மறுத்தார்கள். 1985 டிசம்பர் 4 அன்று போலீஸ் சுட்டது. ஐந்து மீனவர்கள் செத்தார்கள். உத்தரவு போட்ட அரசின் தலைவர் திரையில் ‘படகோட்டி’யாக வந்தவர், ‘மீனவ நண்ப’னாக வந்தவர். அந்தப் படங்கள் ஓடியதற்குக் காசு கொடுத்தவர்களில் இந்தக் குப்பத்து ஜனங்களும் உண்டு.

அதே டிசம்பர் 4, 2023. மிக்ஜாம் புயல் ஊரை முக்கியெடுத்த நாள். வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் மாடியில் நின்று கைகாட்டியவர்களை ஏற்றிக்கொண்டு வந்தவை குப்பங்களின் ஃபைபர் படகுகள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் இதே கதைதான். அன்றைக்கு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசல்வரை படகு வந்தது யாருக்கும் இடையூறாகத் தெரியவில்லை. ‘மீன் நாற்றம் அடிக்கிறது, வேறு படகு அனுப்புங்கள்’ என்று ஒருவரும் சொன்னதாகத் தகவல் இல்லை. தண்ணீர் வடிந்தது. அடுத்த மாதமே மாரத்தான் வந்தது. படகு மணலுக்குப் போயிற்று, ஆயா ஓரத்துக்குப் போனாள்.

நன்றி இல்லாத ஊர் என்றும் சொல்லிவிட முடியாது. எலியட்ஸ் கடற்கரையில் வெள்ளை வெளேரென்று நிற்கிறதே ஷ்மிட் நினைவகம், அது அலையில் சிக்கியவரைக் காப்பாற்றப் போய் 1930-இல் உயிர்விட்ட ஒரு டென்மார்க்காரருக்கு எழுப்பியது. நல்ல மனிதர், நினைவகம் வேண்டியதுதான். அதே அலையிலிருந்து குப்பத்துப் பையன்கள் இழுத்துப்போட்ட உல்லாசப் பயணிகளுக்குக் கணக்கே கிடையாது. அந்தப் பையன்களுக்கு ஒரு செங்கல்கூட நடவில்லை. டென்மார்க்கில் பிறக்காதது அவர்கள் குற்றம்.

உட்கார்ந்து மறிப்பதற்கு வருவோம். பட்டினப்பாக்கத்துப் பக்கம் லூப் சாலை இருக்கிறது. மீனவர்கள் மணலில் படகு விட்டு, வலை பிரித்து, பிடித்ததை அங்கேயே விற்ற இடத்தில் சாலை வந்தது. சாலை வந்தால் கார் வரும். கார் வந்தால் அவசரம் வரும். 2023 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கெடுத்து, சாலையோர மீன்கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று கவலைப்பட்டது. மாநகராட்சி காத்திருக்கவில்லை. பொக்லைன் வந்தது. பெண்கள் மீனைச் சாலையில் கொட்டி, படகைக் குறுக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். பிறகு 2024 ஆகஸ்டில் 366 கடைகளோடு நவீன மீன் அங்காடி திறந்தது. கூரை, மேடை, எண் எல்லாம் உண்டு. இருக்கட்டும். என் கேள்வி சின்னது. வீட்டு வாசலில் தரையில் உட்கார்ந்து மத்தி விற்பவள் தினமும் மறிப்பது அரைச் சாலை. மாரத்தான் மறிப்பது முழுச் சாலை, அதுவும் காமராசர் சாலை. இதற்கு எந்த நீதிபதியும் தானாகவே முன்வந்ததில்லை. ஒருவேளை அவர்களில் சிலர் பத்துக் கிலோமீட்டர் பிரிவில் பெயர் கொடுத்திருக்கலாம்.

மேலிடத்து வசதிக்கு வழியை வளைப்பது மாரத்தானுக்குப் பிறவிக் குணம். 42.195 என்ற அந்தப் புனித எண் எங்கிருந்து வந்தது? 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் கோட்டையில் தொடங்கி, அரச குடும்பம் உட்கார்ந்திருந்த மாடத்தின் எதிரே முடியும்படி அளந்ததில் வந்தது. 1921-இல் அதையே உலகத்துக்கு அளவாக்கிவிட்டார்கள். நூறு வருடமாக உலகம் முழுவதும் மனிதர்கள் கடைசி மீட்டர்களில் நாக்குத் தள்ளுவது ஒரு ராணி எழுந்து நடக்காமல் இருப்பதற்காக. அபெபே பிகிலா 1960-இல் ரோம் நகரில் வெறுங்காலோடு ஓடித் தங்கம் வாங்கினார். நம்மூரில் வெறுங்கால் என்றால் முதலில் அடையாள அட்டை கேட்பார்கள்.

நேப்பியர் பாலத்திலிருந்து கிளம்பினால் கொஞ்ச தூரத்திலேயே உழைப்பாளர் சிலை. நாலு ஆண்கள் ஒரு பாறையை நெம்பிக்கொண்டிருக்கிறார்கள், 1959-இலிருந்து. யாரும் அவர்களுக்குக் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்ததில்லை. நாட்டின் முதல் மே தினத்தை 1923-இல் இந்தக் கடற்கரையில் கொண்டாடிய சிங்காரவேலர் மீனவக் குடும்பத்துப் பிள்ளை. அவர் கூட்டம் போட்ட மணலருகே ஓட்டம் நடக்கிறது, பேப்பர் கோப்பைகள் பறக்கின்றன. கோப்பை பெருக்கும் வேலையைச் செய்யும் தூய்மைப் பணியாளர்கள், வேலையைத் தனியாரிடம் கொடுக்காதே என்று 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனது போலீஸ். பாவம், விவரம் தெரியாத ஜனங்கள். உட்காராமல் மாளிகையைச் சுற்றி 13 நாள் ஓடியிருந்தால் மேயரே கொடியசைத்திருப்பார்.

ஆகவே ஊரூர் ஒல்காட் குப்பமும் ஒரு வருடாந்திர ஓட்டம் அறிவித்துவிடுவது நல்லது. விதிகளைக் குப்பத்தின் குரலில் நானே எழுதித் தருகிறேன்.

புறப்பாடு இரவு இரண்டு மணி. குப்பத்திலிருந்து காசிமேடு போய்த் திரும்ப வேண்டும். முப்பது கிலோமீட்டருக்குக் குறையாது. போகும்போது வெறுங்கூடை. வரும்போது இருபது கிலோ மீன், ஐஸ் தண்ணீர் பிடரி வழியே முதுகில் இறங்கும், துடைக்கக் கூடாது. பஸ் ஏறலாம், கண்டக்டர் ஏற்றினால். 2021 டிசம்பரில் குளச்சலில் நாற்றம் என்று ஒரு மீன்காரப் பாட்டியைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டு, முதலமைச்சரே கண்டிக்கும்படி ஆனது நினைவிருக்கட்டும். நாலு மணி நேரம் ஓடிய பனியனில் வருவது மட்டும் வியர்வை என்பது இந்த ஊர் மூக்கின் தீர்ப்பு. குறுக்குவழி வேண்டுவோர் முகத்துவாரத்தின் மேலே முறிந்த பாலத்தை முயற்சிக்கலாம். 1967-இல் கட்டி 1977-இல் விழுந்தது. மீனவர் நடந்துபோன காலத்தில் விழுந்ததை யாரும் எடுத்துக் கட்டவில்லை. கார் போகும் சாலைத் திட்டம் பேசும்போதெல்லாம்தான் அதன் நினைவு அரசுக்கு வருகிறது.

தாகத்துக்கு அடையாற்று நீர். ஊர் முழுக்கக் கழுவிவிட்டு எங்கள் வாசலுக்கு அனுப்பிவைப்பது, தடையில்லாமல் கிடைக்கும். பதிவுக் கட்டணம் இல்லை. பட்டா கேட்கமாட்டோம், அந்தக் கேள்வியின் ருசி எங்களுக்குத் தெரியும். ஓடுபவர் அதிகாரி ஆனாலும் நீதிபதி ஆனாலும் பொதுவாக ஆயா என்றே அழைக்கப்படுவார். ஓரம் போ என்றால் போக வேண்டும்.

ஓட்டத்தன்று அடையாறு, பெசன்ட் நகர், மயிலாப்பூர் சாலைகள் முற்பகல் வரை மூடியிருக்கும். பொதுமக்கள் தத்தம் வீட்டிலேயே இருந்து ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு அவசரமாக வஞ்சிரம் தேவைப்படுவோர் மாற்றுப்பாதையில் கடலுக்குச் செல்லலாம்.