பச்சைப் பொடியும் பாக்கெட் பாலும்: மாட்சா கேள்வி-பதில்

கே: மாட்சா என்பது கிரீன் டீயின் பொடிதானே? வீட்டிலிருக்கும் கிரீன் டீயை மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் போதாதா?

ப: பொடி கிடைக்கும், மாட்சா கிடைக்காது. ஜப்பானில் மாட்சாவுக்கான தேயிலைச் செடிகளுக்குப் பறிப்பதற்குச் சுமார் மூன்று வாரம் முன்பே பந்தல் போட்டு வெயிலை மறைத்துவிடுவார்கள். நிழலில் இலையின் பச்சையம் கூடும். இதமான சுவை தரும் தியானைன், துவர்ப்பாக மாறாமல் தங்கும். பறித்த இலையை ஆவி காட்டி, சுருட்டாமல் உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கிக் கல் திருகையில் அரைப்பார்கள். ஒரு திருகை ஒரு மணி நேரத்துக்குத் தருவது சுமார் 40 கிராம். உங்கள் மிக்ஸி ஒரே நிமிஷத்தில் தந்துவிடும். குடித்து முடித்ததும் கப்பின் அடியில் அதை நறநறவென்று சந்திக்கலாம்.

கே: 'செரிமோனியல் கிரேடு' என்று ஒரு டப்பா, 'கலினரி கிரேடு' என்று ஒரு டப்பா. லாட்டேக்கு எதை வாங்குவது?

ப: இந்தத் தரப் பெயர்களுக்கு ஜப்பானில் சட்ட வரையறை கிடையாது. லேபிள் ஒட்டுகிறவர் மனம்போல் சூட்டும் பட்டம்தான். பொடியின் நிறத்தைப் பாருங்கள். பளிச்சென்ற பச்சை நல்லது. மஞ்சளோ பழுப்போ தட்டினால் பழசு, அல்லது மட்டம். எப்படியும் பாலும் சர்க்கரையும் விழப்போகிற இடத்தில் உச்ச விலைப் பொடியின் நுணுக்கமெல்லாம் மூழ்கிவிடும். கொஞ்சம் அழுத்தமான சுவையுள்ள நடுத்தர விலைப் பொடி போதும்.

கே: எப்படிப் போட்டாலும் கசக்கிறது. கட்டி கட்டியாக வேறு மிதக்கிறது. பொடி போலியா?

ப: கொதிநீரை அப்படியே ஊற்றியிருப்பீர்கள், பொடியைச் சலித்திருக்க மாட்டீர்கள். பந்தயம் கட்டத் தயார். 2 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன் பொடியை டீ வடிகட்டியில் சலியுங்கள். நீர் 75 முதல் 80 டிகிரி இருக்க வேண்டும். வெப்பமானி வேண்டாம்: கொதித்த நீரை ஒரு டம்ளரிலிருந்து வேறு டம்ளருக்கு மாற்றினால் ஏறத்தாழ 10 டிகிரி இறங்கும். இரண்டு மாற்று, வேலை முடிந்தது. முதலில் ஒரு ஸ்பூன் நீர் விட்டுக் குழையுங்கள். சர்க்கரையையும் அப்போதே சேருங்கள். பிறகு 50 மில்லி வரை நீர் விட்டு நுரைக்க அடித்து, 150 மில்லி சூடான பாலை ஏடு விழாமல் ஊற்றுங்கள். பாலை முன்கூட்டியே உயரத் தூக்கி ஆற்றினால் நுரைக்குத் தனி மெஷின் வேண்டாம். டபரா செட்டுக்கு இந்த வித்தை எப்போதோ தெரியும்.

கே: அதற்கென்று மூங்கில் கடைகோல் வாங்கியே தீர வேண்டுமா?

ப: 'சாசென்' அழகான பொருள். நாரா மாநிலத்தின் தகாயாமாவில் ஒரே மூங்கில் துண்டைச் சீவிச் சீவி அத்தனை இழைகளையும் எடுக்கிறார்கள். ஆசையிருந்தால் வாங்குங்கள், சோப்பு மட்டும் காட்டாதீர்கள். இல்லையென்றால் பேட்டரியில் ஓடும் சின்ன நுரைப்பான் போதும். ஐஸ் லாட்டேக்குக் குளிர்ந்த நீரும் பொடியும் போட்டு மூடிய பாட்டிலைக் குலுக்கலாம். வெந்நீரை மட்டும் அப்படிக் குலுக்காதீர்கள். ஆவி மூடியைத் தள்ளும், சீலிங்குக்கும் பச்சை பெயின்ட் கிடைக்கும்.

கே: காப்பியை விட்டொழிக்க மாட்சா உதவுமா?

ப: 2 கிராம் பொடியில் சுமார் 60 மில்லிகிராம் கஃபைன் உண்டு. ராத்திரி பத்து மணிக்குக் குடித்தால் காப்பியின் பிரிவு உங்களை வாட்டாது. தூக்கத்தின் பிரிவு வாட்டும்.

கே: மாட்சாவில் பால் ஊற்றினால் ஜப்பானியர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?

ப: மாட்சா ஐஸ்கிரீமை ரசித்துச் சாப்பிடுகிறவர்கள் அவர்கள், லாட்டேக்கா கோபிப்பார்கள்? தேநீர்ச் சடங்கில் பால் கிடையாது, நீங்கள் செய்வதும் சடங்கு கிடையாது.

கே: மாட்சா லாட்டே குடித்தால் உடம்பு இளைக்குமாமே?

ப: தேநீரை மருந்தென்று புகழ்ந்து 1211இல் புத்தகமே எழுதியவர் ஜென் துறவி எய்சாய். 1214இல் ஜப்பானின் ராணுவ ஆட்சியாளரான ஷோகுன் சானெதோமோவுக்கு அவர் தேநீர் கொடுத்தது, முந்தைய இரவு குடித்த மதுவின் தலைவலிக்கு. தொப்பைக்கு அல்ல. மூன்று ஸ்பூன் சர்க்கரையும் கொழுப்பு நீக்காத பாலும் சேர்த்துவிட்டு இளைப்பதைப் பற்றிக் கேட்கிறீர்கள் பாருங்கள், அந்த நம்பிக்கை ஷோகுனுக்கே இருந்திருக்காது.