உள்ளாடையில் விழுந்த முதல் படம்

1877ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில், ஒரு சேமிப்பு வங்கியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார் ஜார்ஜ் ஈஸ்ட்மன். வயது 23. மாதச் சம்பளம் ஒழுங்காக வரும் இளைஞருக்கு வரக்கூடிய விபரீத ஆசை அவருக்கும் வந்தது: சாந்தோ டொமிங்கோவில் நிலம் வாங்கிப்போட வேண்டும். கூட வேலை பார்த்தவர், “போறதுதான் போறே, நாலு போட்டோ எடுத்துட்டு வாயேன்” என்று கொளுத்திப் போட்டார். அடுத்தவர் சம்பளத்துக்கு யோசனை சொல்ல யாருக்குத்தான் கசக்கும்? ஈஸ்ட்மன் கேமரா வாங்கிவிட்டார். பயணம்தான் நடக்கவில்லை.

கேமரா என்றால் கழுத்தில் மாட்டிக்கொள்கிற சமாச்சாரம் இல்லை. அது ‘வெட் பிளேட்’ காலம். பெரிய மரப்பெட்டியாக ஒரு கேமரா. அதைத் தாங்க ஒரு ஸ்டாண்டு. ஒரு பங்களாவையே அதன்மேல் நிறுத்தலாம் என்று பின்னாளில் அவரே அலுத்துக்கொண்டார். கண்ணாடித் தகடுகள், ரசாயனப் புட்டிகள், தண்ணீர், இருட்டறைக்கென்று ஒரு கூடாரம். கண்ணாடியில் கொலோடியன் என்ற திரவத்தை ஊற்றிச் சாய்த்துச் சாய்த்துப் பரப்பி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அதே ஈரத்தோடு கூடாரத்துக்குள் ஓடிக் கழுவியும் முடிக்க வேண்டும். காட்சி அழகாக இருக்கிறதா என்று பார்க்க எவனுக்கு நேரம்? இந்தச் சர்க்கஸைக் கற்றுக்கொள்ள ஈஸ்ட்மன் 5 டாலர் குருதட்சிணை வேறு கொடுத்தார்.

கற்ற வித்தையைக் காட்ட ஹியூரான் ஏரியிலுள்ள மாக்கினா தீவுக்குப் போனார். வெள்ளி நைட்ரேட் பாத்திரத்தைப் பத்திரமாக உள்ளாடைகளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். அது பத்திரமாக ஒழுகியது. வெள்ளி நைட்ரேட் பட்ட துணி வெளிச்சத்தைக் கண்டால் கறுத்துப்போகும். போட்டோ விழுவதும் கிட்டத்தட்ட அதே வேதியியலில்தான். ஆக, அந்தப் பயணத்தில் முதலில் எக்ஸ்போஸ் ஆனவை அவருடைய துணிமணிகள்.

தீவில் இயற்கையாக அமைந்த ஒரு கல் வளைவு உண்டு. ஈஸ்ட்மன் அங்கே கடை பரப்பியதும், சுற்றுலா வந்த கூட்டம் ஒன்று வளைவின் மேலும் கீழும் போய் நின்றுகொண்டது. வெயிலில் அரை மணி நேரம், அசையாமல். வேலை முடிந்ததும் ஒருவர் வந்து படம் என்ன விலை என்று கேட்டார். தான் விற்பவன் அல்ல, பொழுதுபோக்குக்காக எடுப்பவன் என்றார் ஈஸ்ட்மன். வந்தவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது: அதை ஒரு பலகையில் எழுதி மாட்டிக்கொண்டு திரியக் கூடாதா! நியாயமான யோசனை. கேமரா வாங்கிய முதல் மாதத்தில் கல்யாண வீட்டுக்குப் போகும் எல்லோருக்கும் இதைச் சட்டமாக்கலாம்.

வேறொருவராக இருந்தால் கேமராவைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டிருப்பார். ஈஸ்ட்மனோ பகலில் வங்கிக் கணக்கு, இரவில் அம்மாவின் அடுப்படி என்று இறங்கினார். ஜெலட்டினைக் காய்ச்சிக் காய்ச்சி, முன்கூட்டியே பூசி வைத்துக்கொள்ளும் உலர்தகட்டைச் செய்ய முயன்றார். பல இரவுகள் அடுப்பு ஓரமாகவே தூங்கிப்போனார். மகன் சமைக்கிறான் என்று அந்த அம்மா ஒருநாளாவது சந்தோஷப்பட்டிருக்கலாம். கூடாரம் ஒழிந்தது. அடுத்து, கண்ணாடியின் கனம். அதற்குப் பதில் காகிதச் சுருள் வந்தது.

1888இல் கோடக் கேமரா. விலை 25 டாலர், உள்ளே 100 படத்துக்குச் சுருள். கயிற்றை இழு, பொத்தானை அழுத்து, சாவியைத் திருகு, அவ்வளவுதான். எட்டிப் பார்க்கக் கண்ணாடித் துவாரம் கிடையாது. மேல்பக்கக் கோடுகளை வைத்துக் குத்துமதிப்பாகக் குறிபார்க்க வேண்டும். எத்தனை படம் முடிந்தது என்று கேமராவும் சொல்லாது, நோட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். படம் வட்டமாக விழும். லென்ஸின் ஓரத்துக் குறைகளை அது மறைத்தது. கேமராவைக் கோணலாகப் பிடித்தவர் மானத்தையும் காப்பாற்றியது. நூறும் முடிந்தால் கேமராவை அப்படியே ராச்செஸ்டருக்கு அனுப்ப வேண்டியது. 10 டாலருக்குக் கழுவி, பிரின்ட் போட்டு, புதுச் சுருளும் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள்.

மறுவருஷம் நைட்ரோசெல்லுலோஸில் ஒளி ஊடுருவும் பிலிம் வந்தது. வெடிமருந்துக்குப் பங்காளி, சுலபமாகத் தீப்பிடிக்கும். ஹனிபல் குட்வின் என்ற பாதிரியார் இதே யோசனைக்கு 1887லேயே காப்புரிமை கேட்டிருந்தார். கையில் கிடைத்தது 1898இல். 1900இல் அவர் கண்ணை மூடினார். அந்தக் காப்புரிமையின் பேரில் நடந்த வழக்கை ஈஸ்ட்மனின் கோடக் நிறுவனம் 1914இல் 50 லட்சம் டாலர் கொடுத்து முடித்தது. தேவனுடைய ஆலைகள் மெதுவாக அரைக்கட்டும், பரவாயில்லை. காப்புரிமை அலுவலகமும் அப்படியா?

1900இல் ஒரு டாலருக்கு பிரவுனி கேமரா வந்தபின் குழந்தைகளும் கிளம்பிவிட்டார்கள்.

மூட்டை சுமக்க மாட்டேன் என்ற ஒரு கற்றுக்குட்டியின் சோம்பலில் பிறந்ததுதான் பிலிம். இன்று கைப்பேசியில் பத்தாயிரம் படம் வைத்திருக்கும் பிள்ளைகள், ‘கஷ்டப்பட்டு எடுத்தால்தான் படம்’ என்று தாத்தாவின் பழைய கேமராவைத் தூசி தட்டிப் பிலிமைத் தேடி அலைகிறார்கள். ஈஸ்ட்மன் கேட்டிருந்தால் அந்த ஸ்டாண்டை இலவசமாகவே கொடுத்திருப்பார். அவர்களுக்கு ஒரு வார்த்தை: சுருளை மாட்டி மூடியதும் தொய்வை எடுத்துவிட்டு, லீவரைத் தள்ளும்போது இடப்பக்கத்து ரீவைண்டு குமிழைப் பாருங்கள். அது சுற்றாவிட்டால் பிலிம் பல்லில் மாட்டவில்லை. 36 முறை கிளிக் சத்தம் கேட்கும், ஒரு படமும் இருக்காது. வாடிக்கையாளரின் கைராசியை ஈஸ்ட்மன் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். கேமராவைத் திறக்காமல் அனுப்பிவிடுங்கள் என்று சும்மாவா சொன்னார்?