நடையர் இலக்கணம்: ஒரு முன்னாய்வு

காலையில் வாக்கிங் போகும் உயிர்கள் இலக்கர், போக்கர் என இருவகைப்படும். இலக்கராவார் இத்தனை அடி, இத்தனை கிலோ என்று எண் வைத்து நடப்போர். போக்கராவார் நடக்கிற நேரம் வந்துவிட்டதால் நடப்போர். நாய் இழுத்துப் போகிறவர்கள் புறநடை.

இலக்கரின் வேதவாக்கு பத்தாயிரம் அடி. இதன் மூலத்தைத் தேடிப் போனால் மருத்துவ நூல் அகப்படாது; ஒரு கருவியின் பெயர்தான் அகப்படும். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டோடு, 1965இல் யமாசா என்ற ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டும் அடிமானி ஒன்றைச் சந்தைக்கு விட்டது. பெயர் ‘மன்போ-கெய்’. மன் என்றால் பத்தாயிரம், போ என்றால் அடி, கெய் என்றால் அளவி. (‘போ’வைப் பார்த்ததும் நம் சொல்லாய்வாளர்கள் கிளம்பிவிட வேண்டாம்.) விற்பதற்கு வாகான முழு எண், பிறகு உலகத்துக்கே விதியாகிவிட்டது. 2019இல் ஹார்வர்டின் ஐ-மின் லீ குழுவினர், சராசரி வயது 72 உள்ள 16,741 அமெரிக்கப் பெண்களின் நடையை ஆராய்ந்தார்கள். நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே, 2,700 நடந்தவர்களைவிட இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. சுமார் 7,500க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை.

இலக்கர் இதைப் படிப்பதில்லை. அவருக்கு நேரம் ஏது?

மாதிரி ‘அ’: இரவு பத்தரை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹாலுக்கும் அடுப்படிக்குமாக நடக்கிறார். கடிகாரத்தில் 9,640. “என்னங்க, அந்தச் சோபாவைச் சுத்துறதுக்குக் கோயிலைச் சுத்தினா புண்ணியமாவது கிடைக்கும்” என்கிறது உள்ளிருந்து ஒரு குரல். 9,900க்கு மேல் கால் நின்றுவிடுகிறது. கை மட்டும் ஆடுகிறது. திரையில் வாணவேடிக்கை. ‘அ’ அமர்கிறார். மூன்றாம் வாரம் முழங்கால் பிடித்துக்கொள்ள, ஒருநாள் கணக்கு அறுபடுகிறது. அறுந்த கணக்கை எதற்குத் தொடர்வானேன் என்று அத்தோடு விட்டுவிடுகிறார்.

மாதிரி ‘ஆ’ அவருடைய மாமனார். பால் பாக்கெட் வாங்கியதும் அதே பையோடு பூங்காவில் மூன்று சுற்று, மழையென்றால் இரண்டு. பிறகு வாசலில் அருகம்புல் சாறு, அரசியல். இவ்வளவுதான் திட்டம். ‘இது நடந்ததும் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுக்கொள்வது காரியத்தைச் சாதிக்கும் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். பெரியவர் பால் பாக்கெட்டில் முடிந்து வைத்திருப்பது அதே முடிச்சு.

பழக்கம் படிய எத்தனை நாள்? லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்து 2010இல் வெளியிட்ட ஆய்வில் நடுக்கணக்கு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. நம் ஒரு மண்டலம் 48. பதினெட்டு நாள் துண்டு விழுகிறது. இடையில் ஒருநாள் விட்டுப்போனாலும் பெரிதாகக் குடி முழுகுவதில்லை என்பதும் அந்த ஆய்வில் உண்டு. ‘அ’வின் காதில் யாரும் இதைப் போடவில்லை.

கடிகாரம் இப்போது மாமனார் கையில்.

“எப்படி மாமா இருக்கு?”

“மணி நல்லாக் காட்டுது மாப்ளே. அப்பப்ப அதிருது, கொசுன்னு ரெண்டு தடவை அடிச்சுட்டேன்.”